வீட்டுக் குரல்கள், படங்கள், வீடியோக்கள்: சேர்த்துப் பாதுகாப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலருக்கும் பழைய கேசட், ஆல்பம், கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்து வருகிறேன். யார் வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடையில் திரும்ப வாங்க முடிகிற எதற்கும் அவசரமில்லை. உங்கள் வீட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாததுதான் அவசரம்.

எல்லாமே போன்லயே இருக்குதுங்க. அப்புறம் எதுக்குத் தனியாச் சேமிக்கணும்?

போன் தொலையும், தண்ணீரில் விழும், இரண்டு மூன்று வருடத்தில் மாறும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கொஞ்சம் விட்டுப்போகும். எது விட்டுப்போனது என்பது தேடும் நாளில்தான் தெரியும். போனில் இருப்பதைப் படம் எடுத்த இடமாக மட்டும் நினையுங்கள். சேமித்த இடம் வேறாக இருக்க வேண்டும்.

வீட்டுல ஒரு மூட்டை கேசட், சிடி, ஆல்பம் கிடக்குது. எதுல ஆரம்பிக்கிறது?

ஒவ்வொன்றையும் கையில் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். இது வேறெங்காவது கிடைக்குமா? இது கெட்டுக்கொண்டிருக்கிறதா? இதை ஓட்டும் மெஷின் இன்னும் கிடைக்கிறதா? மூன்றிலும் மோசமாக வருவது வீடியோ கேசட். உலகத்தில் கடைசியாக வீடியோ டெக்கு தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இப்போது ஓடுவதெல்லாம் பழைய டெக்குகள். வருடா வருடம் குறைந்துகொண்டே போகும்.

அடுத்தது, வீட்டு ஆட்களின் குரல் இருக்கும் ஆடியோ கேசட். அப்பாரு கதை சொன்னது, அம்மாயி தாலாட்டு பாடியது, துபாயில் இருந்த மாமா கடிதத்துக்குப் பதில் பேசி அனுப்பியது, ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையில் யாரோ பிடித்து வைத்தது. பிறகு, கம்ப்யூட்டரில் எழுதிய சிடிக்கள். பிறகு நெகட்டிவ். அச்சுப் போட்ட போட்டோக்கள் நல்ல தாளில் இருந்தால் உங்களையும் என்னையும் தாண்டி நிற்கும், கொஞ்சம் காத்திருக்கலாம். சினிமாப் பாட்டுக் கேசட்டுகள் கடைசியில்.

சினிமா என்றாலும் தானாகப் பிழைக்கும் என்று நினைக்க வேண்டாம். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படத்துக்கு இன்று ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. ஊரே பார்த்த படத்துக்கே அந்தக் கதி. ஒரே ஒரு கேசட்டில் இருக்கும் ஆயாவின் குரலுக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை.

ஆடியோ கேசட்டை எப்படிங்க கம்ப்யூட்டருக்கு மாத்துறது? நானே பண்ணலாமா?

பண்ணலாம். நன்றாக ஓடும் டேப் டெக் அல்லது டேப் ரெக்கார்டர், யூஎஸ்பி சவுண்ட் கார்டு, இரண்டையும் இணைக்கும் ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். இவ்வளவுதான். லேப்டாப்பின் மைக் துளையில் நேரடியாகச் சொருகாதீர்கள். அது மைக்குக்கானது, சத்தம் உடைந்து, பெரும்பாலும் ஒரே சேனலில்தான் பதிவாகும். டெக்கில் லைன் அவுட் என்ற, ஒலி வெளியே வரும் துளை இருந்தால் அதிலிருந்து எடுங்கள்; இல்லையென்றால் ஹெட்போன் துளை. விலை குறைந்த யூஎஸ்பி கேசட் பிளேயர்கள் பார்க்க அழகு. ஆனால் மோட்டார் வேகம் நிலையாக நிற்பதில்லை, பாட்டு அலைபாயும். பழைய நல்ல டெக்கு ஒன்றின் பெல்ட்டை மாற்றி ஓட்டுவதே மேல்.

கேசட்டைப் போடும் முன் அதன் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறிய பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. டெக்கின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். கேசட்டை முழுதாக ஒருமுறை முன்னுக்கு ஓட்டிப் பின்னுக்குச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுருள் தளரும். சத்தம் மூடின மாதிரி, பேச்சு புரியாமல் வந்தால் உடனே கேசட்டைக் குறை சொல்ல வேண்டாம். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய திருகு இருக்கும். பாட்டு ஓடும்போதே அதை நூலளவு திருப்பிப் பார்த்தால், ஒரு இடத்தில் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் பளிச்சென்று திறக்கும். எந்த மென்பொருளாலும் பின்னால் கொண்டுவர முடியாத தெளிவு அது.

பதிவு அளவு உச்சத்தில் சிவப்பைத் தொடக் கூடாது. மைனஸ் 6 டெசிபெல் பக்கத்தில் நிற்கட்டும். அறுபது நிமிடக் கேசட்டை மாற்ற அறுபது நிமிடம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. இரைச்சலை நீக்கும் வேலையை மூலப் பதிவில் செய்யாதீர்கள். காப்பி எடுத்து அதில் செய்யுங்கள். பின்னால் ஓடும் தறிச் சத்தமும், தெருவில் போன ஐஸ்காரர் மணியும் உங்களுக்கு இரைச்சல். அம்மாபேட்டையில் பிறந்து வெளிநாட்டில் வளரும் பேத்திக்கு அதுதான் ஊர்.

எம்பி3-ல வச்சா போதாதுங்களா? இடம் நிறைய அடைக்குதே?

கேட்கப் போதும். வைத்துக்கொள்ளப் போதாது. எம்பி3 காதுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டுச் சில விவரங்களை வீசிவிடும். ஒருமுறை வீசியது திரும்ப வராது. அதையே திருத்தி மறுபடி எம்பி3 ஆக்கினால் இன்னும் கொஞ்சம் போகும். சிடி தரத்தில், அதாவது நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலி அளவீடு), 16 பிட், இரண்டு சேனல் என்று வேவ் ஃபைலாக வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி வரும். அதையே ஃபிளாக் (FLAC) என்ற ஃபைல் வகை ஆக்கினால் பாதியை ஒட்டி வரும், ஒரு துளிகூடக் குறையாது. எப்போது வேண்டுமானாலும் பழையபடி வேவ் ஆக்கலாம். ஃபிளாக் ஒன்று பாதுகாப்புக்கு, எம்பி3 ஒன்று வாட்ஸ்அப்பில் அனுப்பவும் காரில் கேட்கவும்.

ஏற்கெனவே எம்பி3-ஆக மட்டுமே இருப்பதை ஃபிளாக் ஆக்குவதில் பயனில்லை. அளவுதான் பெருக்கும். அப்படியே வையுங்கள்.

ஏற்காட்டுல வீடு. கேசட்டு மேல வெள்ளையாப் பூத்துக் கிடக்குது. தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம். அது பூஞ்சை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஊர். அலமாரிக்குள் காற்று ஓடாத இடத்தில் தோல், துணி, கேமரா லென்ஸ், கேசட் எல்லாமே பூக்கும். முதல் காரியம், அந்தக் கேசட்டை எந்த டெக்கிலும் போடாதீர்கள். ஒன்று போட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்த கேசட்டுக்கும் பரவும், நாடாவும் கிழியலாம். மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனி ஜிப் கவரில் வையுங்கள்.

அப்புறம் ஈரத்தை எடுக்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு சில வாரம் வைத்தால் பூஞ்சை உலர்ந்து பொடியாகும். வெயிலில் காய வைக்கவே கூடாது, நாடா முறுகிவிடும். உலர்ந்ததும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள். அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. இழுப்பு இருப்பவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். திருகு போட்ட கேசட் என்றால், அதைத் திறந்து நாடாச் சுருளை மட்டும் வேறொரு சுத்தமான கூட்டுக்கு மாற்றலாம். திருகு இல்லாத, ஒட்டின கூடு என்றால் பழக்கப்பட்டவரிடம் கொடுங்கள். தேறியதை உடனே பதிவு செய்யுங்கள், அடுத்த மழைக்கு வைக்காதீர்கள்.

மலையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரு வார்த்தை: ரப்பர் வளையம் போட்ட மூடியுள்ள சமையலறை டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல். இந்த இரண்டும் எந்த விலையுயர்ந்த பெட்டிக்கும் குறைந்ததில்லை. ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தினால் திரும்பப் பயன்படும்.

கல்யாண வீடியோ கேசட்டைக் கடையில குடுத்தா டிவிடி போட்டுத் தர்றாங்க. அது போதும்ல?

டிவிடி பார்ப்பதற்கு வசதி. ஆனால் மூன்று மணி நேரக் கல்யாணத்தை 4.7 ஜிபி தட்டில் அடைக்க அமுக்கோ அமுக்கென்று அமுக்குவார்கள். தட்டும் நிலையானதல்ல, அடுத்த கேள்வியில் சொல்கிறேன். கடைக்காரரிடம் தட்டு வேண்டாம், பதிவு செய்த ஃபைலையே என் ஹார்ட் டிஸ்க்கில் கொடுங்கள் என்று கேளுங்கள். 720 க்கு 576 அளவு, நொடிக்கு 25 பிரேம் என்ற நம் ஊர் டிவிக்கான பால் (PAL) முறையிலேயே இருக்கட்டும். பெரிதாக்கித் தருகிறேன், ஹெச்டி ஆக்கித் தருகிறேன் என்றால் அதைத் தனிக் காப்பியாக வாங்கிக்கொள்ளுங்கள், மூலத்துக்குப் பதிலாக அல்ல. ஒரு மணி நேரத்துக்கு நான்கைந்து ஜிபி வருகிற மாதிரி இருந்தால் தரம் பரவாயில்லை.

வாங்கும்போது அங்கேயே ஆரம்பம், நடு, கடைசி மூன்று இடத்திலும் ஓட்டி, உதடும் பேச்சும் ஒத்துப்போகிறதா பாருங்கள். மூலக் கேசட்டைக் கையோடு திரும்ப வாங்குங்கள். உங்களிடம் இருப்பது சின்ன மினிடிவி கேசட் என்றால் கதையே வேறு. அதில் பதிவானதே டிஜிட்டல். ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்தால் மணிக்கு 13 ஜிபி அளவில் துளியும் குறையாமல் அப்படியே வந்துவிடும். சிவப்பு-வெள்ளை-மஞ்சள் ஒயரில் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் மினிடிவியைக் கொடுக்காதீர்கள்.

சிடியைப் போட்டா சுத்துது, ஆனா ஒண்ணும் திறக்கல. போச்சா?

கம்ப்யூட்டரில் எழுதும் சிடி, டிவிடியில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெளிச்சமும் வெப்பமும் பட்டால் வெளுக்கும். கடையில் வாங்கிய பாட்டு சிடி அச்சில் அடித்தது, அது நீண்ட நாள் நிற்கும். எழுதிய தட்டைச் சுத்தமான மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக அல்ல. வேறு இரண்டு மூன்று டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று படிக்காததை இன்னொன்று படிக்கும்.

2000-க்குப் பிறகு சில காலம் கல்யாணங்களுக்கெல்லாம் விசிடி கொடுத்தார்கள். அதைத் திறந்தால் உள்ளே .dat என்று முடியும் பெரிய ஃபைல்கள் இருக்கும். அவற்றை அப்படியே காப்பி செய்யுங்கள், விஎல்சி என்ற இலவச மென்பொருளில் ஓடும். படம் மங்கல்தான், 352 க்கு 288. அதற்கு மேல் அதில் இல்லை.

பழைய போட்டோவை போன்லயே படம் புடிச்சா போதுமா, ஸ்கேன் பண்ணியே ஆகணுமா?

ஸ்கேன் நல்லது. சாதாரண அச்சுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு), நெகட்டிவுக்கு 2,400-க்குக் குறையாமல். முக்கியமானதை டிஃப் (TIFF) என்ற, தரம் குறையாத ஃபைலாக வையுங்கள், மற்றதை உயர்தர ஜேபெக்கில் வைத்தால் போதும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும், யாரோ பேனாவில் எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும்.

ஒட்டும் தாள் ஆல்பத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். ஆல்பத்தோடு வைத்து, நேரடி வெயில் படாத ஜன்னலோரத்தில், போனை நேர் மேலே பிடித்து எடுங்கள். கிழிந்த படத்தைவிட அது எவ்வளவோ மேல்.

படத்துல இருக்கிறவங்க யாருன்னே தெரியலீங்க. அதை வச்சு என்ன பண்றது?

இந்தக் கேள்விக்கு ஹார்ட் டிஸ்க் வாங்குவதைவிட அவசரம் அதிகம். பெயர் தெரிந்த பெரியவர் இன்னும் இருக்கும்போதே ஆல்பத்தோடு போய் உட்காருங்கள். போனில் ஒலிப்பதிவை ஓட விட்டு, ஒவ்வொரு படமாகக் காட்டி, ‘இது யாருங்க ஆயா?’ என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் பேசுவதைக் குறையுங்கள். பெயர் கேட்கப் போனால் கதை வரும்: இந்தச் சேலை இளம்பிள்ளையில் எடுத்தது, இந்தப் பையன் காபித் தோட்டத்து ரைட்டர் மகன், இவளுக்குக் கொலுசு போட்டு அனுப்பியது இன்னார் என்று. எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று பதிவிலேயே வாய்விட்டு எண்ணைச் சொல்லிவிடுங்கள், பின்னால் பொருத்த முடியும்.

ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். அரை மணி நேரம், காபி, இன்னொரு நாள்.

வாட்ஸ்அப்புல வந்த படமெல்லாம் சேர்த்து வச்சா போதாதா?

வாட்ஸ்அப் படமாக அனுப்பும்போது அளவைச் சுருக்கும், எடுத்த தேதியும் இடமும் அடங்கிய உள்விவரத்தையும் நீக்கிவிடும். எடுத்தவரிடமே கேட்டு, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்; மூலம் அப்படியே வரும். அவரிடமும் இல்லையென்றால் வாட்ஸ்அப் படம்தான் இனி மூலம். அதை மதித்து வையுங்கள். காலை வணக்கப் படங்களை மட்டும் கழித்துவிடுங்கள்.

எந்த டிஸ்க்கு வாங்குறது? பென்டிரைவ்ல போட்டு பீரோவுல வச்சா ஆகாதா?

ஆகாது. பென்டிரைவ், எஸ்எஸ்டி இரண்டிலும் தகவல் மின்னேற்றமாக நிற்கிறது. வருடக்கணக்கில் மின்சாரமே படாமல் கிடந்தால் கசியும். தினம் வேலை செய்ய எஸ்எஸ்டி அருமை. பீரோவில் வைக்கப் பழைய மாதிரிச் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான், அதிலும் விலை மலிவு. ஒரு குடும்பத்துக்கு 2 டிபி பெரும்பாலும் தாராளம். பெரிதாக ஒன்று வாங்குவதைவிட அளவாக இரண்டு வாங்குங்கள், முடிந்தால் வேறு வேறு கம்பெனி. ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வந்த இரண்டுக்கும் ஒரே குறை இருக்க வாய்ப்புண்டு.

புது டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற முறையில் ஃபார்மேட் செய்தால் விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்கும். பழைய ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. கல்யாண வீடியோ பாதியில் நின்றுவிடும்.

ரெண்டு டிஸ்க்கா? ஒண்ணு பத்தாதுங்களா?

பத்தாது. மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். 3-2-1 என்று சொல்லும் இந்த முறையைப் பரவலாக்கியவர் பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர். கம்ப்யூட்டரில் ஒன்று, வீட்டு டிஸ்க்கில் ஒன்று, வெளியே ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டு, தீ, மழைத் தண்ணீர் மூன்றும் ஒரு வீட்டில் இருக்கும் இரண்டு டிஸ்க்கையும் சேர்த்தே கொண்டுபோகும். அதனால்தான் மூன்றாவது வெளியே.

நம் ஊருக்கு இதில் ஒரு வசதி உண்டு. கீழே வீடு, மேலே சொந்தம் என்று இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். ஒரு டிஸ்க் சேலத்தில், இன்னொன்று இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காட்டில். ஒரே வெள்ளமோ ஒரே மின்னலோ இரண்டையும் தொடாது. மேலே போகும்போது புதிதாக நிரப்பிய டிஸ்க்கைக் கொண்டுபோய்ப் பழையதை எடுத்து வாருங்கள், அடுத்த முறை மாற்றி. மேலே வைப்பது அந்தச் சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள்தான். உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், சாதாரண ஹார்ட் டிஸ்க்குகள் 3,000 மீட்டர் வரை இயங்கும். குளிரிலிருந்து கீழே கொண்டுவந்த டிஸ்க்கை மட்டும் உடனே சொருகாதீர்கள். உள்ளே ஈரம் படியலாம். மூடிய கவரிலேயே சில மணி நேரம் விட்டு அறைச் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள்.

சேலத்து வெயில்ல டிஸ்க்கு கெட்டுப்போகுமா?

வீட்டுக்குள், விசிறி ஓடும் அறையில் கெடாது. பெரும்பாலான டிஸ்க்குகள் 60 டிகிரி வரை இயங்கத் தாங்கும். சித்திரையில் பூட்டி நிறுத்திய கார் டாஷ்போர்டு அதைத் தாண்டும். மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள பரணும் நல்ல இடமில்லை. கீழ்த்தளத்து உள் அறை அலமாரி போதும்.

வெயிலைவிட மின்சாரம்தான் எனக்குக் கவலை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் அமைப்பே கலையலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு, அந்த நாளில் பெரிய காப்பி எதையும் ஆரம்பிக்காதீர்கள். மேசைக் கம்ப்யூட்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வையுங்கள். வேலை முடிந்ததும் முறைப்படி எஜெக்ட் செய்து கழற்றிவிடுங்கள். எப்போதும் சொருகியே கிடக்கும் டிஸ்க்குக்கு இடியும் வைரஸும் ஒரே வழியாக வரும்.

கூகுள் போட்டோஸ்ல எல்லாம் தானா ஏறிடுதே. அதுவே பேக்கப் இல்லீங்களா?

வெளியே இருக்கும் காப்பிக்கு அது நல்ல இடம், அது மட்டுமே போதாது. போனில் ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் இருந்து போய்விடும். அளவில்லா இலவச இடம் 2021 ஜூன் 1-ஓடு நின்றது. இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கை நீக்கலாம் என்பது கூகுளின் விதி. இறந்துபோன அப்பாவின் கணக்கில் படம் இருந்தால், இதைப் படித்தவுடன் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். டேக்அவுட் என்ற வசதியில் மொத்தத்தையும் இறக்கி டிஸ்க்கில் வைக்கலாம்.

ஃபைலுக்குப் பேரு எப்படி வைக்கிறது? தமிழ்ல வைக்கலாமா?

தாராளமாக. வருடம்-மாதம்-நாள் முதலில் வரட்டும், பிறகு இடம், பிறகு விஷயம்: 1994-05-22_அஸ்தம்பட்டி_அக்கா-கல்யாணம்_01 என்கிற மாதிரி. இப்படி வைத்தால் தானாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். தேதி தெரியாவிட்டால் 1994 என்று மட்டும் போடுங்கள், ஊகித்த மாதத்தை உறுதி போல எழுதாதீர்கள்.

ஒரே எச்சரிக்கை, பெயர் நீளம். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் சேமிப்புப் பெட்டிகளில் ஒரு பெயர் 255 பைட் வரைதான். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் எடுக்கும், ‘கி’ என்பதே க-வும் கொக்கியுமாக ஆறு பைட். நாற்பது எழுத்துக்குள் முடித்துக்கொண்டால் எங்கேயும் சிக்காது. நீளமான விவரத்தை அதே ஃபோல்டரில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வையுங்கள்.

பழைய பாட்டு லிஸ்ட்டைத் திறந்தா எழுத்தெல்லாம் கிறுக்கலா வருதே?

இரண்டு காரணம் இருக்கலாம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது என்றால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்குங்கள். தலையில் கோடு போட்ட ஆங்கில ‘a’ மாதிரி எழுத்து (à) திரும்பத் திரும்ப வந்தால், அது நல்ல யூனிகோடுதான், திறக்கும் மென்பொருள் தப்பாகப் படிக்கிறது. யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் சரியாகும். அதை அப்படியே சேமித்துவிடாதீர்கள், உண்மையிலேயே கெட்டுவிடும்.

நாஸ் பெட்டி வாங்கி ரெய்டு போட்டா பேக்கப்பே வேண்டாமாமே?

யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் பயன்படுத்துகிற மாதிரி டிஸ்க்குகளைப் போட்டு வைக்கும் பெட்டி. ரெய்டு என்பது ஒரு டிஸ்க் செத்தாலும் பெட்டி நிற்காமல் ஓட உதவும் ஏற்பாடு. நீங்கள் தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். 3-2-1 கணக்கில் நாஸ் ஒன்று என்றுதான் எண்ண வேண்டும்.

வீட்டில் எல்லாரும் டிவியில் பார்க்க வேண்டும் என்றால் பழைய லேப்டாப்பிலேயே ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் போட்டு ஓட்டலாம், இலவசம். பெட்டிக்கான பணத்தில் முதலில் இரண்டாவது டிஸ்க்கை வாங்குங்கள்.

காப்பி பண்ணினது ஒழுங்கா வந்திருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பார்ப்பது முதல் படி. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் செக்சம். ஒரு ஃபைலை எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கில் போட்டால் 64 எழுத்து விடை வரும். உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் விடை முழுக்க மாறிவிடும். எல்லா ஃபைலுக்கும் அந்தப் பட்டியலை எடுத்து டிஸ்க்கிலேயே வையுங்கள். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஒருமுறை டிஸ்க்கைச் சொருகி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் கெட்டது தெரிந்தால் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தெரியாமலே விட்டால், கெட்டதையே புது டிஸ்க்குக்கும் காப்பி செய்வோம்.

டிஸ்க்கு டக் டக்குனு சத்தம் போடுது. தட்டிப் பார்க்கலாமா?

உடனே கழற்றுங்கள். தட்டாதீர்கள், ஃப்ரீசரில் வைக்காதீர்கள், திறக்காதீர்கள். சத்தத்தோடு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் மீட்க முடிகிறதைக் குறைக்கும். வேறு காப்பி இருந்தால் அந்த டிஸ்க்கை மறந்துவிடுங்கள். இல்லையென்றால் தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். செலவு டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு.

சினிமாப் படம், பாட்டு எல்லாம் சேர்த்து வைக்கிறது சட்டப்படி சரிங்களா?

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான உபயோகத்தை 52-ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கேசட்டை உங்கள் காதுக்கு மாற்றி வைப்பதும், அதைப் பத்துப் பேருக்கு விற்பதும் ஒன்றல்ல. உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைப்பது 2012 திருத்தத்துக்குப் பிறகு தண்டனைக்குரியது.

படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமை, வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். நம் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் வந்தது 1956-ல். படம் என்ற அளவில் அதன் கணக்கு 2016 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாடல் வரிக்கும் இசைக்கும் தனிக் கணக்கு, எழுதியவர் காலத்துக்குப் பிறகு 60 வருடம். அதனால் பழைய படம் என்றாலே பொதுச் சொத்து என்று ஏற்றிவிட வேண்டாம். உங்கள் வீட்டுப் பதிவுகளில் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. அதுவும் அவற்றை முதலில் செய்ய ஒரு காரணம்.

மாத்தி முடிச்சாச்சு. கேசட்டை எடைக்குப் போட்டுடலாமா?

வீட்டுக் குரல், வீட்டு வீடியோ இருப்பவற்றை வைத்திருங்கள். ஒரு பெட்டி இடம்தான். நாளைக்கு இன்னும் நல்ல டெக்கோ கருவியோ கிடைத்தால் மறுபடி எடுக்க மூலம் வேண்டும். சினிமாப் பாட்டு, வெற்று நாடா, ஒரே கேசட்டின் இரண்டாவது காப்பி இவற்றைப் போட்டுவிடலாம்.

எனக்கப்புறம் பசங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

டிஸ்க்கின் மேல் தமிழில் எழுதி ஒட்டுங்கள்: குடும்பப் படங்கள், எந்த வருடம் வரை, இன்னொரு காப்பி யார் வீட்டில் இருக்கிறது. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால் அந்தப் பாஸ்வேர்டு நகை, பத்திரம் இருக்கும் இடத்தில் தாளில் இருக்கட்டும். பூட்டிய டிஸ்க்கின் சாவி தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. ரகசியம் இல்லாத வீட்டுப் படங்களுக்குப் பூட்டே வேண்டாம் என்பது என் கருத்து. கூகுளில் செயலற்ற கணக்கு நிர்வாகி என்ற வசதியில், நீங்கள் நீண்ட நாள் வராவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று முன்பே சொல்லி வைக்கலாம்.

கேசட்டுல அப்பா பேசுறதோட சித்தப்பா சண்டை போட்டதும் இருக்குது. எல்லாருக்கும் அனுப்பலாமா?

சேமிப்பது வேறு, அனுப்புவது வேறு. சேமிப்பில் எதையும் வெட்டாதீர்கள். முழுப் பதிவும் பாதுகாப்பு டிஸ்க்கில் இருக்கட்டும். அனுப்பும் காப்பியில், உயிரோடு இருப்பவர் குரல் இருந்தால் அவரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை நீக்கிய எம்பி3 ஒன்றைத் தனியாக எடுத்து, பெயரிலேயே ‘சுருக்கியது’ என்று குறித்துக் கொடுங்கள். குடும்பக் குழுவில் போட்ட எதையும் திரும்ப வாங்க முடியாது, எனவே சித்தப்பாவிடம் போனில் அல்லாமல் நேரில் போய்ப் பேசுங்கள். அவர் குரல் வரும் இடத்தை அவருக்கு மட்டும் முதலில் போட்டுக் காட்டுங்கள்.